ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில்

தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்த ஒரு பிள்ளை, கோடை விடுமுறை கழிந்து ஆறாம் வகுப்பில் வந்து உட்காரும்போது அவளோடு வருபவை ஒரு மாற்றுச் சான்றிதழும் ஓர் எமிஸ் எண்ணும்தான். எந்த எழுத்தில் தடுமாறுவாள், எந்தக் கணக்கை இன்னும் விரல்விட்டு எண்ணுவாள், யார் பக்கத்தில் உட்கார வைத்தால் வாய் திறந்து பேசுவாள் என்று ஐந்து ஆண்டுகளில் ஓர் ஆசிரியர் தெரிந்து வைத்திருந்தவை எல்லாம் பழைய பள்ளியிலேயே தங்கிவிடுகின்றன. புதிய பள்ளியில் இருப்பவர் அனைத்தையும் முதலிலிருந்து கண்டுபிடிக்கிறார். சில நேரம் கண்டுபிடிப்பதற்குள் மூன்றாம் பருவம் வந்துவிடுகிறது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். எங்கள் ஆறாம் வகுப்புக்கு ஐந்து தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவற்றில் மூன்று ஈராசிரியர் பள்ளிகள். அந்தப் பள்ளி ஆசிரியர்களை எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தேர்தல் பணியில் ஒரே வாக்குச்சாவடியில் இரவு தங்கியிருக்கிறோம். ஆனால் இருவரும் பாடம் நடத்திய ஒரே பிள்ளையைப் பற்றிப் பல ஆண்டுகளாக நாங்கள் பேசியதில்லை. எங்கள் பகுதியில் குறுவள மையப் பயிற்சிகள்கூடத் தொடக்க நிலைக்குத் தனியாகவும் உயர் தொடக்க நிலைக்குத் தனியாகவும்தான் நடந்துவந்தன. ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் ஆறாம் வகுப்பு ஆசிரியரும் ஒரே அறையில் அமர வாய்ப்பே இல்லை. அந்த இடைவெளியை ஒரு வாக்கியம் நிரப்பியது: “கீழே ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்து அனுப்புவதில்லை.” தொடக்கப் பள்ளிகளிலும் இதற்கு ஈடான ஒரு வாக்கியம் உண்டு: “நாங்கள் நன்றாகத்தான் அனுப்பினோம், அங்கே போய்க் கெட்டுவிட்டது.”

பகிர்ந்த தலைமை, பள்ளிகளுக்கிடையிலான கற்றல் வலையமைப்பு என்ற சொற்கள் இப்போது பயிற்சிக் கட்டகங்களில் அடிக்கடி வருகின்றன. சொற்கள் புதியவையாகத் தெரிந்தாலும் எண்ணம் பழையது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பள்ளி வளாகம் என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. ஓர் உயர்நிலைப் பள்ளியை நடுவில் வைத்து, சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் நடுநிலைப் பள்ளிகளையும் அதோடு இணைப்பது அதன் திட்டம். ஒவ்வொரு பள்ளியும் தனித்தீவாக இருப்பதை உடைப்பது, அருகிலுள்ள பள்ளிகள் கூடி முயன்று தரத்தை உயர்த்துவது, கல்வித் துறை தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைக் கீழ்நிலைக்குக் கொடுப்பது என்று மூன்று பயன்களை அது எதிர்பார்த்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கையும் பள்ளி வளாகங்களை ஊக்குவித்தது. 1994-இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், 2001-இல் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கமும் வட்டார வள மையம், குறுவள மையம் என்று இந்த எண்ணத்துக்குக் கட்டடமும் பணியாளர்களும் கொடுத்தன.

மூன்று பயன்களில் முதலிரண்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மூன்றாவதை, அதாவது அதிகாரம் கீழே வருவதை, அவ்வளவாகப் பேசுவதில்லை. அது இல்லாமல் முதலிரண்டும் நிலைக்காது என்பது என் எண்ணம்.

ஆசிரியர் வேலை ஏன் இத்தனை தனிமையானது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் ஒரு நூலில் ஆராய்ந்தார். பள்ளியை அவர் முட்டை அடுக்கும் அட்டைக்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு முட்டையும் தன் குழியில் பத்திரமாக இருக்கும், பக்கத்து முட்டையைத் தொடாது. சத்துணவு முட்டை வந்து இறங்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒப்புமை நினைவுக்கு வரும். ஈராசிரியர் பள்ளியில் நிலைமை இன்னும் கடினம். ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கும் ஐந்தும் இன்னொருவர். ஒருவர் விடுப்பில் போனால் அன்று அது ஓராசிரியர் பள்ளி. தன் பாடத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

அப்படியானால் எல்லாரையும் அடிக்கடி ஓரிடத்தில் கூட்டினால் போதுமா? போதாது. ஆண்டி ஹார்கிரீவ்ஸ் என்ற கல்வியாளர் 1994-இல் வெளிவந்த நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘வலிந்து செய்த கூட்டுறவு’ எனலாம். நிர்வாகம் ஒழுங்குபடுத்துவது, கட்டாயமானது, நேரமும் இடமும் முன்பே குறிக்கப்பட்டது, என்ன விளையும் என்பதும் முன்கூட்டியே தெரிந்தது என்று அதன் அடையாளங்களைச் சொன்னார். படிக்கும்போது நம்மில் பலருக்குச் சில சனிக்கிழமைகள் நினைவுக்கு வரக்கூடும். வருகைப் பதிவில் கையொப்பம், தேநீர், காணொலி, பின்னூட்டப் படிவம், குழுப் புகைப்படம். கட்டாயம் என்பதாலேயே ஒரு கூட்டம் பயனற்றதாகிவிடாது. கட்டாயம் இல்லையென்றால் ஈராசிரியர் பள்ளிக்காரர் வரவே முடியாது. என்ன விளையும் என்பது முன்பே தெரிந்திருப்பதுதான் கூட்டத்தைக் கொல்கிறது. கேட்பதற்கு உண்மையான கேள்வி இல்லாத இடத்தில் கற்றல் எப்படி நடக்கும்?

இரண்டு முப்பத்தைந்துகள்

எங்கள் குறுவள மையத்தில் ஒரு முறை தொடக்க நிலை, உயர் தொடக்க நிலைக் கணித ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடினோம். ஆசிரியர் பயிற்றுநர் தாம் கொண்டுவந்த பாடத்துக்கான நேரத்தில் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று முடிவு செய்யும் பொறுப்பு, ஈராசிரியர் பள்ளி ஒன்றின் இடைநிலை ஆசிரியைக்கு வந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கழித்தல் கணக்கில் தவறு செய்த பிள்ளைகளின் ஏடுகளில் மூன்றை எல்லாரும் கொண்டுவர வேண்டும். நல்ல ஏடு வேண்டாம், திருத்திய ஏடு வேண்டாம்.

மேசையில் ஏடுகள் பரவின. 52−27 என்ற கணக்குக்குப் பல ஏடுகளில் 35 என்று விடை இருந்தது. காரணம் தெரிந்ததுதான் என்று எங்களில் பலர் நினைத்தோம். பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிடுகிறது. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. இது உலகெங்கும் காணப்படும் தவறு. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-லேயே இத்தகைய தவறுகளைத் தொகுத்து, அவை கவனக்குறைவால் வருபவை அல்ல, பிள்ளை ஒரு தவறான விதியை மாறாமல் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள்.

அந்த ஆசிரியை இரண்டு ஏடுகளைத் தனியே எடுத்து வைத்தார். “இரண்டும் முப்பத்தைந்துதான். ஆனால் இரண்டும் ஒரே தவறு இல்லை” என்றார். இரண்டாவது ஏட்டுக்குரிய சிறுவனைக் கணக்கை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவன் சொன்னது: இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கினால் பன்னிரண்டு, பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. இதுவரை சரி. அடுத்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஐந்து ஏன் நான்கு ஆகவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: “கடன் வாங்கினா திருப்பித் தரணும்ல டீச்சர்?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. அவன் சொன்னதில் என்ன பிழை? கடன் என்ற சொல்லை அவன் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான். சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாம். முதல் ஏட்டுக்குரிய பிள்ளைக்கு 52 என்பது ஒரு முழு எண் என்ற உணர்வே இன்னும் வரவில்லை. அதற்குக் குச்சிக் கட்டுகளும் இடமதிப்பும் வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு இடமதிப்பு தெரியும், வேறு சொல் வேண்டும். விடையை மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் அடித்த நமக்கு இரண்டும் ஒரே பெருக்கல் குறிதான்.

நான்காம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் ‘சில்லறை மாற்றுதல்’ என்ற சொல்லைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்றார். ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் இருக்கின்றன. இருபத்தேழு ரூபாய் கொடுக்க வேண்டும். ஒரு நோட்டைச் சில்லறை மாற்றினால் நான்கு நோட்டு, பன்னிரண்டு நாணயம். மாற்றிய நோட்டு இனி கையில் இல்லை என்பது கடைக்குப் போய்வரும் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் பெற்றோர் ‘கடன்’ என்றுதானே சொல்லித் தருவார்கள் என்று ஒருவர் மறுத்தார். பொருத்தமான மறுப்புத்தான்.

உயர்நிலைப் பள்ளிக்காரர்கள் பங்குக்கு நாங்களும் ஒன்றைச் சொல்ல முடிந்தது. “இரண்டில் ஏழு போகாது” என்று கீழ் வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் சொல்லிவிட்டு, ஆறாம் வகுப்பில் முழுக்கள் வரும்போது “போகும், விடை −5” என்கிறோம். பிள்ளை யாரை நம்பும்? ‘போகாது’ என்பதற்குப் பதிலாக ‘நம்மிடம் உள்ள ஒன்றுகள் போதவில்லை’ என்று சொல்லலாமே என்று கேட்டோம். இரண்டாம் வகுப்பில் சொல்லும் ஒரு சொல் ஆறாம் வகுப்பில் தடையாக நிற்கும் என்பதைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் அறிய வேறு வழி இல்லை. அதேபோல, ஆறாம் வகுப்பில் வரும் 35-க்குப் பின்னால் இரண்டு கதைகள் இருக்கலாம் என்பதை நான் அறியவும் வேறு வழி இல்லை.

அடுத்த கூட்டத்துக்குள் அவரவர் வகுப்பில் முயன்று பார்த்து, மீண்டும் ஏடுகளோடு வருவது என்று முடிவாயிற்று. வந்தபோது எல்லாம் இனிமையாக இல்லை. இரண்டிலக்க எண்களில் சில்லறை மாற்றுதல் பல வகுப்புகளில் எளிதாக ஏறியிருந்தது. 502−278 போன்ற கணக்கில் நடுவில் நின்ற பூச்சியம் குழப்பியது. பத்து ரூபாய் நோட்டே இல்லாதபோது எதை மாற்றுவது? சில பிள்ளைகள் பூச்சியத்தைப் பத்தாக்கி, அதிலிருந்து ஒன்றைக் குறைக்க மறந்து 234 என்று எழுதியிருந்தார்கள். நூறை முதலில் பத்துப் பத்துகளாக மாற்று, பிறகு அவற்றில் ஒன்றை ஒன்றுகளாக மாற்று என்று இரண்டு படியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆனால் இப்போது பேச்சு மாறியிருந்தது. யார் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை என்பதற்குப் பதிலாகப் பூச்சியத்தை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

வேலையைப் பகிர்வதும் தலைமையைப் பகிர்வதும்

மேலே சொன்ன ஒரு மணி நேரத்தில் தலைவர் யார்? உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் இருந்தார். ஆசிரியர் பயிற்றுநர் இருந்தார். முதுநிலைப் பட்டம் பெற்ற பட்டதாரி ஆசிரியர்கள் இருந்தோம். ஆனால் கேள்வியைத் தேர்ந்தெடுத்தவரும், எந்த ஏட்டை எப்போது எடுப்பது என்று தீர்மானித்தவரும் பதவி வரிசையில் எங்களுக்குக் கீழே வைக்கப்படும் ஓர் இடைநிலை ஆசிரியை. ஜேம்ஸ் ஸ்பில்லேன் 2006-இல் எழுதிய நூலில் சொல்வது இதுதான்: தலைமை என்பது ஓர் ஆளிடம் இருக்கும் பொருள் அல்ல, வழிநடத்துபவர், உடன் செல்பவர், அப்போதைய சூழல் ஆகிய மூன்றுக்கும் இடையில் உருவாவது. அந்தச் சிறுவன் பேசியதைக் கேட்டவர் அவர். அதனால் அன்றைய தலைமை அவருடையது. அடுத்த மாதம் பூச்சியத்தைப் பற்றிப் பேசும்போது அது வேறொருவருக்குப் போயிற்று.

நம் பள்ளிகளில் பொறுப்புப் பகிர்வுக்குக் குறைவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் பொறுப்புப் பட்டியல் ஒட்டப்படும்: நூலகம், சாரணர், சுற்றுச்சூழல் மன்றம், தேர்வு, எமிஸ் பதிவேற்றம். இதை வேலைப் பகிர்வு என்பேன். தேவையானதுதான், ஆனால் பெயர் வேறு. நூலகப் பொறுப்பாசிரியரிடம் அலமாரிச் சாவி இருக்கிறது. புத்தகம் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஏழாம் வகுப்புக்கு நூலகப் பாடவேளையை வெள்ளி கடைசி மணியிலிருந்து செவ்வாய் மூன்றாம் மணிக்கு மாற்ற அவரால் முடியுமா? பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், கிழிந்தால் பரவாயில்லை என்று அவர் சொன்னால் அது நிற்குமா? நிற்குமானால் அங்கே தலைமை பகிரப்பட்டிருக்கிறது.

தலைமையாசிரியரின் இடம் இதனால் சிறுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நான் பார்த்த வரை அவர்கள் வேலை கூடுகிறது. ஓர் ஆசிரியர் பக்கத்துப் பள்ளிக்குப் போய் ஒரு பாடவேளையைப் பார்த்துவர வேண்டும் என்றால், ஓ.டி. அனுமதி மட்டும் போதாது. அவருடைய வகுப்பை யார் பார்ப்பது? அந்த மணி நேரத்துக்குத் தாமே வகுப்புக்குப் போகிற தலைமையாசிரியர்தான் வலையமைப்பை உண்மையில் நடத்துகிறார். ஈராசிரியர் பள்ளியில் அதுவும் இயலாது. அங்கே நாம் அவர்களிடம் போக வேண்டுமே தவிர, அவர்களை நம்மிடம் வரச் சொல்லக் கூடாது. எங்கள் குழுவில் கூடும் இடத்தைச் சுழற்சி முறையில் மாற்றியதற்கு இதுவே காரணம்.

ஏடுகளைப் பார்த்த பிறகு, வகுப்பையே பார்க்கலாமா என்ற பேச்சு வந்தது. இதில் ஜப்பானிய ஆசிரியர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. மெய்ஜி காலத்திலிருந்தே அங்கே ‘ஜுகியோ கென்கியூ’ என்ற பாட ஆய்வு முறை வளர்ந்துவந்திருக்கிறது. ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய ‘தி டீச்சிங் கேப்’ நூலுக்குப் பிறகுதான் வெளியுலகம் அதைப் பரவலாகக் கவனித்தது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். அன்று மற்ற வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லா ஆசிரியர்களும் அந்த ஒரு வகுப்பில் நிற்பதும் உண்டு. அவர்கள் பார்ப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. எந்த மாணவன் எந்த இடத்தில் பென்சிலை வைத்துவிட்டு யோசித்தான், யார் அழித்து எழுதினார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு நடக்கும் உரையாடலில் பாடம் நடத்தியவர்தான் முதலில் பேசுவார். பாடம் எல்லாரும் சேர்ந்து திட்டமிட்டது, ஆகவே குறை வந்தாலும் அது ஒருவர் தலையில் விழாது.

நம் ஊரில் வகுப்பின் கடைசி வரிசையில் ஒருவர் குறிப்பேட்டோடு உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ஆண்டாய்வு. அந்த அச்சம் நியாயமானது. எங்கள் குழுவில் வகுப்பைத் திறக்க யாரும் முன்வராதபோது, ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் தம் ஆங்கில வகுப்பைப் பார்க்க வரச் சொன்னார். பாடம் சுமாராகத்தான் போயிற்று. பின் வரிசையில் நான்கு பிள்ளைகள் கடைசிவரை வாயே திறக்கவில்லை என்று அவரிடமே சொன்னோம். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் மூன்று பேர் தம் வகுப்பைத் திறக்க முன்வந்தார்கள்.

நம் மாநிலத்திலேயே ஆசிரியர்கள் முன்னின்று உருவாக்கிய பெரிய முயற்சி ஒன்று உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் ஆசிரியர்கள், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் ஊக்கத்தில், ஆந்திரத்தின் ரிஷி வேலிக்குச் சென்று அங்கே அட்டைகளையும் ஏணிப்படிகளையும் கொண்டு பிள்ளைகள் தம் வேகத்தில் கற்பதைப் பார்த்தார்கள். திரும்பிவந்து நம் பாடத்துக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள், வகுப்பில் வைத்துப் பார்த்து மாற்றினார்கள். அதுதான் செயல்வழிக் கற்றல். சில பள்ளிகளில் தொடங்கியது 2007-இல் மாநிலமெங்கும் பரவியது. அட்டையை எழுதியவருக்கு ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால் ஒரு காரணம் தெரியும். அச்சிட்ட பெட்டி கையில் வந்து சேர்ந்தவருக்கு அது தெரியாது. பரவும்போது அட்டைகள் போய்ச் சேர்ந்தன, அவற்றை உருவாக்கிய உரையாடல் அதே அளவில் போய்ச் சேரவில்லை என்பது என் கருத்து. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளைப் பற்றியும் இதே கேள்வியைக் குறுவள மையத்தில் கேட்கலாம்: இந்தப் பிள்ளை ஏன் அரும்பில் இருக்கிறாள் என்பதை விளக்க, ஏடு ஒன்றை மேசையில் வைத்துப் பேச நமக்கு நேரம் இருக்கிறதா?

இன்னொரு தொல்லை, பொது மாறுதல் கலந்தாய்வு. எங்கள் குழுவிலிருந்து ஒரே ஆண்டில் இரண்டு பேர் வேறு ஒன்றியங்களுக்குப் போனார்கள். சில்லறைச் சொல்லைக் கொண்டுவந்தவர் அவர்களில் ஒருவர். எல்லாம் அவர் ஒருவரை நம்பி இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். கூட்டம்தோறும் ஒரு பக்கம் மட்டும் எழுதுவது என்று ஒரு நோட்டு வைத்திருந்தோம். என்ன கேள்வி, எந்த ஏடு, என்ன முயன்றோம், என்ன ஆயிற்று, அவ்வளவுதான். புகைப்படம் கிடையாது. அது பள்ளி பள்ளியாகச் சுற்றும். வாட்ஸ்அப் குழுவும் உண்டு, ஆனால் சுற்றறிக்கைகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவில் அங்கே எதையும் தேடி எடுக்க முடிவதில்லை.

புதிதாக மாறுதலில் வந்த ஆசிரியர் அந்த நோட்டை வாங்கிப்போய்ப் படித்துவிட்டு வந்தார். பூச்சியப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 618-ஐ 6-ஆல் வகுக்கும்போது என் பிள்ளைகள் 13 என்று எழுதுகிறார்கள், ஈவில் நடுவில் வர வேண்டிய பூச்சியத்தை விட்டுவிடுகிறார்கள், இதுவும் அதே பூச்சியமா? அடுத்த மாதக் கூட்டம் அவருடைய பள்ளியில். ஆளுக்கு மூன்று வகுத்தல் ஏடுகள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.